ஏரியா செய்தியும் காணாமல் போகும் பதிவுகளும்: பெரம்பூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பெரம்பூர்க்காரன். பத்து வருடத்துக்கு மேல் வடசென்னையில் ஒரு இலவச ஏரியா வாரப் பத்திரிகைக்குப் பகுதி நேர நிருபராக இருந்தேன். பத்திரிகை நின்று வெகுநாளாகிறது. இப்போது எங்கள் தெருக்களுக்கான வாட்ஸ்அப் குழுவின் நாலு அட்மின்களில் ஒருவன், அதனால் டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்பது இந்தக் கேள்விகளைத்தான். ஆளுக்கு ஒரு தடவை பதில் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதிவிட்டேன்.

வாசலில் வந்து விழுந்துகொண்டிருந்த ஏரியா பேப்பர் எங்கே போச்சு?

எல்லாமே போய்விடவில்லை. எஸ். முத்தையா 1991ல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிங்ஸ் அவர் 2019ல் மறைந்த பிறகும் தொடர்ந்தது, 1994ல் ஆரம்பித்த மயிலாப்பூர் டைம்ஸ் அந்தப் பேட்டைச் செய்தியை இன்றும் தருகிறது. நம் பக்கம்தான் காய்ந்து கிடக்கிறது.

காரணம் காசு, வேறென்ன. இலவசப் பேப்பர் வாசகருக்குத்தான் இலவசம். அச்சுக்கூலியைக் கொடுத்தது டியூஷன் சென்டரும் கல்யாண மண்டபமும் ஆடித் தள்ளுபடி போட்ட பாத்திரக்கடையும். எங்கள் பத்திரிகை எட்டுப் பக்கம் என்றால் ஐந்து பக்கம் விளம்பரம், மீதி மூன்றில் நான் எழுதியது ஒன்றரை. "மாடி போர்ஷன் வாடகைக்கு, போர் தண்ணீர் உண்டு, சைவம் மட்டும்" என்ற மூன்று வரி விளம்பரம்தான் என் சம்பளமாக வந்தது. அந்த மூன்று வரி போனுக்குள் போய்விட்டது, பின்னாலேயே என் ஒன்றரைப் பக்கமும் போனது. மிச்சமிருந்ததை 2020 ஊரடங்கு முடித்து வைத்தது, அடுக்ககத்து ஆட்கள் வெளிப் பேப்பரைக் கேட்டுக்குள்ளேயே விடவில்லை.

பெரிய நாளிதழ்களிலும் ஏரியா செய்தி இளைத்துப்போனதற்கு இன்னொரு கணக்கு உண்டு. 2011ல் மாநகராட்சி எல்லை 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது, அதற்கு முன்பு இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 15 மண்டலம், 200 வார்டு. நிருபர் எண்ணிக்கை இரண்டரை மடங்கு ஆனதாக நான் எந்த ஆபீஸிலும் பார்க்கவில்லை.

"நாளை மின்தடை, உங்க ஏரியா இருக்கா?" என்று தினமும் வருகிறதே, அதை நம்பலாமா?

இதுதான் எனக்கு வரும் எரிச்சலில் முதல் எரிச்சல், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நாளிதழில் மின்தடைப் பகுதி ஒரு சின்னக் கட்டம். காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை, கீழே துணை மின்நிலையத்தின் பெயர், அதற்குக் கீழே தெருக்கள். தோசை ஊற்றிக்கொண்டே படித்துவிடலாம். அதே தகவலை இப்போது போனில் எப்படிக் கொடுக்கிறார்கள் பாருங்கள். தலைப்பில் ஏரியா பெயர் இருக்காது, இருந்தால் நீங்கள் உள்ளே போக மாட்டீர்கள் அல்லவா? உள்ளே போனால் மின்சாரம் மனித வாழ்வில் எவ்வளவு முக்கியம் என்று ஒரு பத்தி. அப்புறம் ஒரு விளம்பரம், மூட வேண்டிய குறி எறும்பு சைஸில். பராமரிப்புப் பணி என்றால் என்ன என்று ஒரு பத்தி. "மேலும் படிக்க". அதை அழுத்தினால் திருவொற்றியூர் முதல் தாம்பரம் வரை தெருப்பெயர்களை ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டிருப்பார்கள், செம்பியம் "செம்பியன்" ஆகியிருக்கும். கடைசிவரை இறங்கி வந்த பிறகுதான் "நாளை" என்பது எந்த நாளைக்கு நாளை என்றே போடவில்லை என்று தெரியும். போன மாதம் எங்கள் மாடிவீட்டு அக்கா இதை நம்பி விடியற்காலை 5 மணிக்கே இட்லி மாவு அரைத்து, டேங்க் நிரப்பி, வாஷிங் மெஷினும் போட்டு முடித்தார். கரன்ட் போகவே இல்லை. அது முந்தின வருடத்துச் செய்தி.

நம்ப வேண்டியது மின்வாரியத்தின் அறிவிப்பை, சந்தேகம் இருந்தால் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண்: 94987 94987. செய்தியில் தேதி இல்லையென்றால் அதைச் செய்தியாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தப்பாகப் போட்டால் யாரைப் போய்க் கேட்பது?

பேப்பர் காலத்தில் இதற்கு ஒரு வாசற்படி இருந்தது. நான் ஒரு முறை மாதவரம் நெடுஞ்சாலைக் கடைக்காரர் ஒருவருடைய இனிஷியலைத் தப்பாகப் போட்டுவிட்டேன். மறுநாள் மனுஷன் பேப்பரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்கே வந்துவிட்டார், ஆசிரியர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, எனக்கு அவர் எதிரிலேயே அர்ச்சனை செய்து, அடுத்த வாரம் முதல் பக்கத்தில் திருத்தம் போட்டார். பெரிய இடத்திலும் வழி உண்டு: தி இந்து 2006ல் வாசகர் தரப்பில் நின்று கேட்பதற்கென்றே ஒரு ஆசிரியரை நியமித்தது, தப்பைத் தப்பு என்று அச்சிலேயே ஒப்புக்கொள்வதற்கு ஒரு மூலை இருந்தது.

இணையச் செய்தித் தளங்களும் அவர்களுடைய பக்கத்தில் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரைப் போட வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. பக்கத்தின் அடிமட்டத்தில், எழுத்து எல்லாவற்றிலும் சிறிய எழுத்தில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் எழுதுங்கள். சுருட்டிய பேப்பரோடு போய் நிற்பதற்கு ஈடாகாது, இருந்தாலும் எழுதுங்கள்.

நான் கொசுவைப் பற்றி எழுதினேன், வன்முறை என்று எடுத்துவிட்டார்களே?

உங்களுக்கு மட்டும் இல்லை, எனக்கே நடந்தது. ஒரு சமூக வலைத்தளத்தில் நான் போட்டது இதுதான்: "கொசு ராத்திரி பூரா கொன்னு எடுக்குது. இந்த வாரம் மருந்து அடிக்க வரலைன்னா எல்லாரும் கிளம்பிப் போய் வார்டு ஆபீஸை ஒரு கை பார்த்துட வேண்டியதுதான்." இருபது நிமிடத்தில் அறிவிப்பு வந்தது, வன்முறையைத் தூண்டுகிறேனாம். மூன்று நாள் எதுவும் எழுதக் கூடாதாம். கொசு மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என்ன நடந்திருக்கும்? பதிவை முதலில் பார்ப்பது பெரும்பாலும் மனிதன் இல்லை, இயந்திரம். முன்பு நீக்கப்பட்ட பதிவுகளை லட்சக்கணக்கில் காட்டிப் பழக்கிய ஒரு மென்பொருள், புதிதாக வருவதற்கு மதிப்பெண் போடும். மதிப்பெண் ஒரு அளவைத் தாண்டினால் தூக்கிவிடும், நடுவில் நின்றால் ஆளுக்கு அனுப்பும். நம் பேச்சோ இப்படி. நன்றாகப் பாடினால் "கொன்னுட்டான்", நடனம் பிடித்தால் "தெறி", கரன்ட்டை "வெட்டிட்டான்", பஸ்ஸில் ஏறினால் "சாவடிக்கிறான்". சந்தோஷம் வந்தால்கூட மரணத்தைத் துணைக்குக் கூப்பிடுகிற ஊர் இது. இதில் பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், அதுவும் ஆளுக்கொரு ஸ்பெல்லிங். பேட்டை வழக்கு தெரியாத மென்பொருள் "கொன்னு", "ஆபீஸ்", "ஒரு கை" மூன்றையும் சேர்த்துப் பார்த்துப் பயந்துவிட்டது என்பது என் ஊகம். காரணத்தை அவர்கள் ஒருபோதும் வரி காட்டிச் சொல்வதில்லை.

அதுக்காக ஏரியா விஷயத்தைத் தினத்தாள் தமிழில் "கொசுத் தொல்லையால் பொதுமக்கள் அவதி" என்று எழுதலாமா? எழுதலாம், நிற்கும். ஆனால் அப்படி எழுதினால் எங்கள் தெருவில் ஒருவரும் படிப்பதில்லை, அது வேறு தலைவலி.

கெட்ட வார்த்தையில் திட்டுகிறவன் பதிவு மட்டும் அப்படியே நிற்கிறதே?

நிற்கும். சாதியைச் சொல்லித் திட்டுகிறவன் சாதிப் பெயரையே எழுத மாட்டான், ஒரு தெருப்பெயரோ ஒரு தொழிலின் பெயரோ போதும், நமக்குப் புரிந்துவிடும், இயந்திரத்துக்குப் புரியாது. ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்கள் 2021ல் வெளியே வந்தபோது, இந்தியாவின் 22 அட்டவணை மொழிகளில் ஐந்துக்குத்தான் தானியங்கிக் கண்காணிப்பைப் பழக்கியிருக்கிறார்கள் என்று தெரிய வந்தது. பழக்கியிருந்தாலும் மொழி வேறு, பேட்டைப் பேச்சு வேறு.

இன்னொன்று, புகார் கொடுக்கிறவர்கள் கூட்டம் சேர்த்துக்கொண்டு கொடுப்பார்கள். ஒரு கடைக்காரர் பிளாட்பாரத்தை அடைத்துப் பந்தல் போட்டிருக்கிறார் என்று நீங்கள் படம் போட்டால், அவருடைய ஆட்கள் பதினைந்து பேர் வரிசையாகப் புகார் அழுத்துவார்கள். எண்ணிக்கையைப் பார்த்து நீக்குவதில்லை என்றுதான் எல்லா நிறுவனமும் சொல்கிறது. பதினைந்து தடவை இயந்திரத்தின் கண்ணில் பட்டால் ஒரு தடவையாவது மாட்டும், அவ்வளவுதான்.

எங்கே முறையிடுவது?

முதலில் அறிவிப்பிலேயே இருக்கும் மறுபரிசீலனைப் பொத்தான். நீக்கிய பதிவின் ஸ்கிரீன்ஷாட், அறிவிப்பு எண், தேதி மூன்றையும் உடனே எடுத்துவையுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

அதில் நடக்கவில்லையென்றால் அடுத்த படி. 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள பெரிய தளம் ஒவ்வொன்றும் இந்தியாவில் வசிக்கும் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை வைத்திருக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் விதி வந்தபோது, புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், 15 நாளில் முடிக்க வேண்டும் என்று எழுதினார்கள். அவருடைய பதில் சரியில்லை என்றால் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழு, 2023 மார்ச்சில் செயல்படத் தொடங்கியது, மத்திய அரசு அமைத்தது. அதிகாரியின் பதில் வந்து 30 நாளுக்குள் ஆன்லைனிலேயே போடலாம். மூன்று வரியில் எழுதுங்கள்: எழுதியது என்ன, அந்த வார்த்தைக்கு இங்கே அர்த்தம் என்ன, எந்த விதியும் ஏன் மீறப்படவில்லை. "கொன்னு எடுக்குது" என்பதற்கு அரசாங்கக் கடிதத் தமிழில் விளக்கம் எழுதிய அரை மணி நேரம் என் வாழ்க்கையில் மறக்க முடியாதது.

எடுத்தது கம்பெனியா, அரசாங்கமா?

கொசுவுக்கெல்லாம் டெல்லி வராது. நிறுவனம் தன்னுடைய விதிப்படி எடுத்தால் அறிவிப்பில் "சமூக விதிகள்" என்று இருக்கும். "சட்டபூர்வக் கோரிக்கையால் இந்தியாவில் தெரியாது" என்கிற மாதிரி வந்தால் அரசோ நீதிமன்றமோ கேட்டிருக்கிறது, பெரும்பாலும் இணையத்தில் இருப்பதை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு.

அண்ணா சாலைப் பக்கமே உதாரணம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் விகடன் தளம் ஒரு கார்ட்டூனுக்காக முடக்கப்பட்டது, ஒரு படத்துக்காக முழுத் தளமும். மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு முடக்கத்தை நீக்கச் சொன்னது. இதே ஆனந்த விகடன் 1987ல் அட்டையில் போட்ட ஜோக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது, எதிர்ப்பு கிளம்பி சில நாளிலேயே விட்டுவிட்டார்கள். பின்னால் நீதிமன்றம் 1,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இரண்டும் அநியாயம்தான் என்பேன். ஆனால் 1987ல் யார் தண்டித்தது, என்ன சொல்லித் தண்டித்தது என்று அடுத்த நாளே டீக்கடையில் எல்லாருக்கும் தெரிந்தது. 2025ல் தளம் திறக்கவில்லை என்று வாசகர்கள் முதலில் சந்தேகப்பட்டது தங்கள் நெட்டைத்தான். நானும் ரவுட்டரை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன்.

திருவிழா வீடியோவுக்குக் காப்பிரைட் என்று வருகிறதே, சாமிக்குமா காப்பிரைட்?

சாமிக்கு இல்லை, பேண்டு வாத்தியத்துக்கு. லூர்து மாதா தேர் வரும்போதும் சரி, அம்மன் ஊர்வலத்திலும் சரி, பேண்டுக்காரர்கள் நடுவில் ஒரு சினிமாப் பாட்டை நுழைத்துவிடுவார்கள். யூடியூபில் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை, ஏற்றிய வீடியோவின் ஒலியை இசை நிறுவனங்கள் கொடுத்து வைத்த பதிவுகளோடு ஒப்பிடும், மெட்டையே கண்டுபிடிக்கவும் செய்யும். பயப்படாதீர்கள், கிளெய்ம் வேறு, ஸ்டிரைக் வேறு. கிளெய்ம் என்றால் பெரும்பாலும் விளம்பரக் காசு அவர்களுக்குப் போகும், சில சமயம் வீடியோவையே தடுத்துவிடுவார்கள். ஸ்டிரைக் என்பது சேனலுக்கு வரும் எச்சரிக்கை, அப்படி மூன்று காப்பிரைட் ஸ்டிரைக் விழுந்தால்தான் சேனலுக்கு ஆபத்து. அந்த நாற்பது வினாடியை மியூட் செய்துவிட்டுப் போங்கள்.

குழுவில் யாரோ போட்டதற்கு அட்மின் மேல் கேஸ் வருமா?

வெறும் அட்மினாக இருந்ததற்காக மட்டும் வராது, வந்தாலும் நிற்காது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில், அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லையென்றால் குற்றப்பத்திரிகையிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னது. "செம மச்சி" என்று நீங்களும் கீழே போட்டிருந்தால் அது உங்கள் பாடு.

நான் போட்டதை நீங்களே டெலீட் செய்தீர்களே, நீங்கள் மட்டும் யோக்கியமா?

செய்தேன், மறுபடியும் செய்வேன். 2018 மே மாதம் சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போன 65 வயது அம்மா ஒருவர், போளூர் பக்கம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளைபிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய புரளியை நம்பியிருந்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அந்த வருடம் ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. 2020 ஏப்ரலிலிருந்து, ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும், அதில் இரட்டை அம்புக்குறி இருக்கும். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்கள் பரவி, டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபுவே மறுத்து வீடியோ வெளியிட வேண்டியிருந்தது. அந்த வாரம் எங்கள் முனை ஓட்டலில் பரோட்டா போடும் பையன் ஊருக்குப் போகிறேன் என்று பையைக் கட்டிவிட்டான்.

அதனால் இரட்டை அம்புக்குறியோடு பிள்ளைபிடிக்கிறவன் வீடியோ வந்தால் எடுத்துவிடுவேன். ஒரு வித்தியாசம், யார் எடுத்தது என்று குழுவிலேயே சொல்லிவிட்டு எடுப்பேன், கோபம் இருந்தால் என் வீடு எது என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு பேர் வந்து சண்டை போட்டுமிருக்கிறார்கள். ஒருவர் சொன்னது நியாயம், திரும்பப் போட்டேன்.

வண்டி திருடுபோன சிசிடிவி காட்சியைப் போடலாமா?

போலீஸில் புகார் கொடுத்த பிறகு, "இவர்தான் திருடன்" என்று எழுதாமல், இடமும் நேரமும் மட்டும் போட்டு. தப்பான ஆளாக இருந்தால் அவதூறு வழக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவில் 356வது பிரிவு. குழந்தைகளின் முகமோ பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரோ எந்தக் காரணத்துக்கும் கூடாது.

அப்போ ஏரியா செய்தியை எங்கேதான் தெரிந்துகொள்வது?

ஒரே இடத்தில் கிடைக்காது, அந்தக் காலம் போய்விட்டது. குப்பை, தெருவிளக்கு, கொசுவுக்கு மாநகராட்சியின் 1913, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர், கழிவுநீருக்குக் குடிநீர் வாரியத்தின் 1916. மெட்ரோ வேலைக்காகப் பாதை மாற்றும்போது போக்குவரத்துக் காவல் போடும் அறிவிப்பை நேரடியாகப் பாருங்கள், அதைப் பார்த்து எழுதுகிறவர்கள் வலது இடதை மாற்றிவிடுகிறார்கள். மழைக்கு நுங்கம்பாக்கம் வானிலை மையம், கூடவே பாதி ஊர் போல நானும் தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜானைப் படிக்கிறேன். சாலையைத் தோண்டியவர் யார், எப்போது மூடுவார் என்று தெரிய வேண்டுமா? தகவல் உரிமை மனு, 10 ரூபாய், 30 நாள். பாதிச் செய்தி அதிலிருந்துதான் பிறக்கிறது, பொறுமைதான் வேண்டும்.

மழை நாளுக்கு மட்டும் ஒன்று. 2015 டிசம்பர் 2ஆம் தேதி தி இந்து நாளிதழே சென்னையில் அச்சாகவில்லை, 1878ல் ஆரம்பித்த பேப்பர், மறைமலை நகர் அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியவில்லை. அன்றைக்கு ஊரைக் காப்பாற்றியது போன்தான், குழப்பியதும் அதேதான்: மீட்டுவிட்ட ஆட்களுக்காக மறுநாள் மாலை வரை படகு கேட்டுக்கொண்டிருந்தார்கள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் என்று படம் போட்டால் எத்தனை மணிக்கு எடுத்தது என்று கட்டாயம் எழுதுங்கள். அந்தப் படம் எந்த வருடத்துக்கும் பொருந்தும்.

சரி, அந்தக் கொசுப் பதிவு கடைசியில் என்ன ஆச்சு?

பத்தொன்பதாவது நாள் "தவறுதலாக நீக்கிவிட்டோம்" என்று ஒரு வரி வந்தது, பதிவும் திரும்பி வந்தது. அதற்குள் கொசு மருந்து வண்டி வந்து புகை அடித்துவிட்டுப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. கீழே ஒரே ஒரு கமென்ட், நான் முன்பு வேலை பார்த்த பத்திரிகையின் ஆசிரியர் போட்டது: "எந்தத் தெரு, எந்தத் தேதி?"